கப்பல் நாள்களில் மட்டும்

சுற்றுலாக் கப்பல் வருகிற நாள் என்றால் திருகோணமலை விடியற்காலை நான்கு மணிக்கே எழும்பிவிடும். அஷ்ரப் இறங்குதுறைக்கு வெளியே பஸ்களும் வான்களும் வரிசை கட்டும். ஓட்டோக்காரர் தோய்த்து மடித்த சேட்டைப் போட்டு வருவர். கோணேசர் கோயிலுக்கு ஏறும் தெருவோரக் கடைகளில் சங்குகளையும் சிப்பி மாலைகளையும் தூசி தட்டித் தொங்கவிடுவார்கள். கோட்டை வாசலிலிருந்து மேலே மலை வரைக்கும் தெருவைக் கூட்டுவோம். கூட்டிய குப்பை வெளிநாட்டவர் கண்ணில் படக்கூடாது என்று மதிலுக்குப் பின்னால், பற்றைக்குள் தள்ளிவிடுவோம். அந்தப் பற்றைக்குள்தான் மான்கள் படுத்திருக்கும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் என்று நான் சொல்வது படகுக்காரரை, வான் ஓட்டுநரை, கடை வைத்திருப்பவரை, கோயிலுக்கு வருகிறவரை, என்னைப் போன்ற வழிகாட்டிகளை. நான் மற்ற நாள்களில் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கப்பல் நாளில் விடுமுறை எடுத்துக்கொண்டு, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, முப்பது பேர் கொண்ட ஒரு கூட்டத்துக்கு முன்னால் நடக்கிறேன். 2010 முதல் இதைச் செய்து வருகிறேன். காலையில் கோட்டையும் மானும் கோயிலும், பிறகு நிலாவெளிக்குப் போய்ப் படகில் புறாமலை, கடல் இடம் கொடுத்தால் டொல்பினும் திமிங்கிலமும். விரும்பியவர்களுக்கு மின்னேரியா யானை. மாலை நான்கு மணிக்குள் எல்லோரையும் கப்பலில் ஏற்றிவிட வேண்டும். ஒரு பகலுக்குள் ஒரு காட்டையும் ஒரு கடலையும் காட்டி முடிக்கிற வேலை இது. இத்தனை வருஷமும் நாங்கள் எதைக் காட்டினோம், காட்டியதை எப்படி வைத்திருந்தோம் என்று எழுதிவிட வேண்டும் என்று கொஞ்சக் காலமாகவே மனம் அரித்துக்கொண்டிருக்கிறது.

மானிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு கப்பல் நாள் காலை, கூட்டம் வருவதற்கு அரை மணி நேரம் முன்னதாகக் கோட்டைக்குள் போயிருந்தேன். வேப்பமரத்தடியில் ஒரு பெண்மான் தலையைத் தாழ்த்தி நின்று எதையோ மென்றுகொண்டிருந்தது. வாயோரத்தில் மெல்லிய வெள்ளைத் தாள் ஒன்று தொங்கியது. லஞ்ச் சீற். சோற்றுப் பார்சல் சுற்றுகிற பொலித்தீன். பருப்பும் மீன்குழம்பும் ஊறிய மணத்துக்குத்தான் அது வாய் வைத்திருக்க வேண்டும். கிட்டப்போனேன், ஆட்களுக்குப் பழகிய மான், விலகவில்லை. நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. முழங்கை நீளத்துக்கு மேல், எச்சிலும் மஞ்சளுமாக, இளஞ்சூட்டோடு. நடுவில் எங்கேயோ இறுகியது. மான் இருமுவதுபோல ஒரு சத்தம் போட்டது. பயந்து கையை விட்டேன். மிச்சத்தை அது விழுங்கிவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போனேன். கூட்டம் வந்தது. வாசற் கல்லில் செதுக்கிய இரட்டைக் கயலைக் காட்டினேன், வெல்லிங்டன் பிரபு 1800இல் தங்கியிருந்த வீட்டைக் காட்டினேன், பிறகு அதே மானைக் காட்டினேன். எல்லோரும் படம் எடுத்தார்கள்.

அசைபோடுகிற பிராணியின் வயிற்றில் பொலித்தீன் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதைப் படிப்பிக்கிறவன் நான். முதல் இரைப்பையில் தங்கும் தாள் கரையாது, வெளியேயும் போகாது. ஒன்றோடொன்று சுற்றிக் கயிறாகி, பந்தாகி, புல்லுக்கு இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வயிறு நிரம்பியிருப்பதாக உடம்பு நினைக்கும். மான் மேய்வதைக் குறைக்கும். வயிறு புடைத்தபடியே பட்டினி கிடந்து சாகும். செத்த மானின் வயிற்றிலிருந்து எடுத்த பந்து ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். சாம்பல் நிறம், தேங்காய் அளவு, பிரித்துப் பார்த்தால் கடைப் பெயர் வாசிக்கக்கூடிய பைகள்.

லஞ்ச் சீற்றை இலங்கை 2017 செப்டம்பர் 1ஆம் திகதியிலிருந்து தடை செய்தது. அந்த வருஷம் சித்திரையில் கொழும்பில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு வீடுகள் மேல் சரிந்து ஆட்கள் செத்த பிறகு வந்த தடை. தடை வந்தது எங்களுக்குத் தெரியும். வாழையிலையில் கட்டித் தரச் சொல்லி ஒரு கடையில் நாங்கள் கேட்டிருக்கலாம். எங்கள் அம்மாமார் வாழையிலையை நெருப்பில் வாட்டித்தான் எங்களுக்குச் சோறு கட்டித் தந்தார்கள். கப்பல் நாளில் ஓட்டுநர்களும் வழிகாட்டிகளும் மர நிழலில் இருந்து பிரித்துத் தின்றது லஞ்ச் சீற்றில் சுற்றிய பார்சலைத்தான். கை துடைத்து, சுருட்டி, அந்த மதிலுக்குப் பின்னால். அன்று காலை நான் இழுத்த தாள் முந்தின கப்பல் நாளில் நாங்கள் தின்ற பார்சலாக இருக்கலாம் என்ற நினைப்பு அதற்குப் பிறகு என்னை விட்டுப் போகவில்லை.

2023 ஜூனில் சென்னையிலிருந்து ஒரு கப்பல் சேவை தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைகளையும் தொட்டுப் போனது. அதில் வந்தவர்களோடு தமிழில் கதைக்கக் கிடைத்தது எனக்குப் பெரிய சந்தோஷம். கோணேசர் கோயில் தேவாரம் பாடப்பட்ட தலம் என்று சொன்னால் அவர்கள் கண் கலங்கும். அப்படி வந்த ஒரு அம்மா கோட்டைக்குள் நடக்கும்போது கேட்டார்: "தம்பி, இந்த மானெல்லாம் யாருது?"

"ஊருக்குச் சொந்தம் அம்மா" என்றேன்.

"அப்ப யாரு பாத்துக்கறாங்க?"

நான் கோயில் பக்கம் கையைக் காட்டி, "வாங்கோ, பூசைக்கு நேரமாகுது" என்றேன். அவர் நல்லவர், மறுபடி கேட்கவில்லை. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்: ஒருவரும் இல்லை. நாய் கடித்துக் குதறினால் தூக்கிக்கொண்டு ஓட ஒரு ஆள் இல்லை, இரவில் வாகனத்தில் அடிபட்டால் விசாரிக்க ஒரு ஆள் இல்லை. கோடையில் அவை தண்ணீர் தேடிக் கடைத்தெருவுக்கும் பஸ் நிலையத்துக்கும் வருகின்றன. மானும் மாடும் ஒரே குப்பைத்தொட்டியில் தலையை விட்டுக்கொண்டு நிற்பதை நாங்கள் ஊரின் அழகு என்று சொல்லிப் படம் போடுகிறோம். அர்ச்சனைத் தட்டிலிருந்து வாழைப்பழம் கொடுக்கிறோம். பழம் சுற்றி வந்த பையை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம்.

நிலாவெளிக்கு வருகிறேன். கரையிலிருந்து புறாமலை ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளில் கூடு கட்டுவதால் அந்தப் பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் அதைச் சுடுபயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள். 1963இல் அது சரணாலயமானது. கோணேசர் கோயில் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டதும் அதே 1963இல்தான். போர்த்துக்கேயர் 1622இல் இடித்த கோயிலை முந்நூற்று நாற்பது வருஷம் மறக்காமல் இருந்து, காசு சேர்த்து, கல் சுமந்து கட்டினவர்கள் எங்கள் முன்னோர். அதைக் கூட்டத்துக்குச் சொல்லும்போது என் குரல் இப்போதும் தழுதழுக்கும். அதே வருஷம் எங்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட இன்னொன்றைப் பற்றி எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. 2003இல் புறாமலை தேசியப் பூங்காவானது, நாட்டின் பதினேழாவது. நூறு வகை முருகை, முந்நூறு வகை மீன் என்று நான் படகில் வைத்து ஒப்பிப்பேன். எங்கள் பாடசாலையில் என் வகுப்புப் பிள்ளைகளில் அங்கே போனவர்களை எண்ண ஒரு கை போதும்.

புறாமலையைச் சுற்றி ஆழமில்லாத தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் மான்கொம்பு முருகை. கிளை விட்டுக் கிளை விட்டு, நுனியில் மட்டும் இளநீலமும் ஊதாவுமாக, மேலிருந்து பார்த்தால் ஒரு மான்கூட்டம் தலையை மட்டும் நிமிர்த்திக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். கல் என்கிறோம், அது உயிர். ஊசிமுனை அளவு உயிரிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து கட்டுகிற வீடு. அவற்றின் தசைக்குள் பாசி இருந்து வெயிலில் உணவு சமைத்துக் கொடுக்கிறது. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாசி வெளியேறி முருகை வெளுத்துவிடும். 1998இல் அப்படித்தான் நாட்டின் தெற்கிலும் மேற்கிலும் பெரும்பகுதி வெளுத்துச் செத்தது. எங்கள் பக்கம் தப்பியது. கடல் எங்களுக்கென்று மிச்சம் வைத்துத் தந்தது என்றே அதைச் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் என் கூட்டத்தில் நீந்தத் தெரியாத ஒருவர் லைஃப் ஜக்கெட்டோடு இறங்கினார். காலில் ரப்பர் துடுப்பு. தண்ணீர் மூக்கில் ஏறியதும் பதறி, கால் ஊன்ற இடம் தேடி, முருகை மேலேயே எழுந்து நின்றார். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் முகத்தை வைத்திருந்தேன். சத்தம் கேட்டது. மண்சட்டி உடைகிற மாதிரி, ஆனால் கிட்டவா தூரவா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் எல்லாப் பக்கமும் இருந்து வந்தது. ஒரு கிளை, என் முழங்கை நீளம், முறிந்து மணலில் சாய்ந்தது. முறிந்த இடம் எலும்பு வெள்ளை. அதற்குள் ஒளிந்திருந்த சின்ன நீல மீன்கள் வெளியே வந்து, முறிந்த இடத்தையே வட்டமிட்டன. இந்த வகை முருகை வேகமாக வளரும் என்பார்கள். வேகம் என்றால் எல்லாம் சரியாக இருந்தால் வருஷத்துக்குப் பத்து சென்ரிமீற்றர். மூளைபோல உருண்டிருக்கிற வகைக்கு வருஷத்துக்கு ஒரு சென்ரிமீற்றர்தான். அந்த ஆள் பயந்துபோயிருந்தார், அவரில் பிழை சொல்ல மாட்டேன். இறங்குவதற்கு முன் கரையில் பத்து நிமிஷம் நின்று, முருகை உயிர், மேலே நிற்காதேயுங்கோ, நீந்தத் தெரியாவிட்டால் மணல் பக்கம் மட்டும் நில்லுங்கோ என்று சொல்ல வேண்டியவன் நான். நேரம் போதாது என்று சொல்லவில்லை. அன்று அந்த மணித்தியாலத்துக்குள் எத்தனை படகு வந்தது, எத்தனை கால் அந்த முருகையில் நின்றது என்று நான் எண்ணவில்லை. எண்ண வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முருகை ஏன் இப்படி அழிகிறது என்று கேட்டால் எங்கள் ஆட்கள் உடனே யுத்தத்தைச் சொல்வார்கள், 2004 சுனாமியைச் சொல்வார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டிலும் நாங்கள் இழந்தது கொஞ்சமில்லை. ஆனால் எங்கள் கடலில் டைனமைற் எறிந்தது சுனாமி இல்லை. தண்ணீருக்குள் வெடித்ததும் அதிர்ச்சியில் மீனின் காற்றுப்பை கிழியும். பாதி மிதக்கும், மிச்சம் அடியில் போய் அழுகும். முருகை சல்லியாகும். சல்லி அலையில் உருண்டுகொண்டே இருப்பதால் புதுக் குஞ்சு ஒட்டிப் பிடிக்க இடம் கிடைக்காது, ஒரு நிமிஷத்தில் உடைந்தது ஒரு தலைமுறைக்கும் வெறுந்தரையாகக் கிடக்கும். யார் எறிகிறார்கள் என்று ஒவ்வொரு கரைக்கும் தெரியும். சொந்தக்காரன், கூடப்படித்தவன், கோயில் திருவிழாவுக்குக் காசு தருகிறவன். அந்த மீனைச் சந்தையில் கண்டால் கண் சிவந்து உடம்பு தொய்ந்திருப்பதை வைத்தே அடையாளம் சொல்லும் கிழவிகள் உண்டு. மலிவென்று வாங்கிச் சமைத்தோம். இந்த நாட்டின் கரையெங்கும் முருகையை உடைத்துச் சூளையில் எரித்துச் சுண்ணாம்பாக்கி வீடு பூசியது இன்னொரு கதை. கப்பல் நாளில் கடைகளில் தொங்கும் சங்கும் சிப்பியும் எந்தக் கடலிலிருந்து வருகின்றன என்று விற்கிறவரும் கேட்கவில்லை, பக்கத்தில் நின்று விலைபேசிக் கொடுத்த நானும் கேட்கவில்லை.

தெற்கே ஹிக்கடுவையைப் பார்த்தாவது படித்திருக்கலாம். 1979இலேயே பாதுகாப்புக் கிடைத்த கடல் அது. கண்ணாடி அடித்தளப் படகுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு முருகையை உரசின. கால் மிதித்தது, நங்கூரம் கிழித்தது, 1998இன் சூடு மிச்சத்தைக் கொண்டுபோனது. அங்கே போய் வந்த எங்கள் படகுக்காரர் கொண்டுவந்த செய்தி, ஒரு படகில் எத்தனை பேரை ஏற்றலாம் என்பது.

மின்னேரியாவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு உரிமையில்லை, அது எங்கள் காடில்லை. ஒன்று மட்டும். ஆடி, ஆவணியில் குளம் வற்றிப் புல் வெளிப்படும்போது நூற்றுக்கணக்கில் யானைகள் கூடும் இடம் அது. மொரகஹகந்தை நீர்த்தேக்கம் 2018இல் இயங்கத் தொடங்கிய பிறகு, புல் முளைக்க வேண்டிய காலத்தில் அதன் தண்ணீரால் குளம் நிரம்பி நிற்கிற வருஷங்கள் வந்தன. பசித்து வந்த கூட்டத்தை நாங்கள் அனுப்பிய ஜீப்புகள் சூழ்ந்து நின்றன. யானை காணாமல் திரும்பினால் காசு திருப்பிக் கேட்பார்கள் என்பதே அன்று எங்கள் கவலையாக இருந்தது.

எனக்கு மிகவும் கனக்கிற விஷயம் திமிங்கிலம். கோணேசர் கோயில் நிற்கிற சுவாமிமலையில், இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்த்தால் தெரிகிற கருநீலம் சும்மா வந்ததல்ல. கடலுக்கடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு துறைமுகத்து வாய்வரைக்கும் ஏறி வந்திருக்கிறது. கரையிலிருந்து சற்றுத் தூரத்திலேயே ஆயிரம் மீற்றர் ஆழத்தில் வாழும் கணவாயைத் தேடி ஸ்பேர்ம் திமிங்கிலம் வருவதும், நீலத்திமிங்கிலம் மலையடிக்கு இவ்வளவு கிட்ட மூச்சுவிடுவதும் அதனால்தான். 1980களின் தொடக்கத்தில் டியூலிப் என்ற சிறு பாய்க்கப்பலில் வந்த வெளிநாட்டு ஆய்வாளர்கள் இங்கே நீலத்திமிங்கிலங்களைக் கண்டு எழுதியபோதுதான் உலகம் அறிந்தது. எங்கள் மீனவர் அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே கண்டவர்கள். எந்த மாதம் வரும், எந்தக் காற்றில் கரை நெருங்கும், தண்ணீரின் எந்த நிறத்தில் நிற்கும் என்று சொல்லக்கூடிய கிழவர்கள் இருந்தார்கள். நாங்கள் ஒருவரும் அவர்கள் பக்கத்தில் கொப்பியோடு உட்காரவில்லை. யுத்தத்தில் கடலுக்குப் போக முடியாத வருஷங்களில் அவர்கள் திண்ணையில் சும்மாதான் இருந்தார்கள். ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். இன்று கூட்டத்துக்கு நான் சொல்வதெல்லாம் வெளியார் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டது.

பகலில் இளைப்பாறும் டொல்பின்களை நாங்கள் கலைக்கிறோம். சுழன்று பாயும் அந்த டொல்பின் இரவில்தான் இரை தேடும். காலையில் கூட்டமாக மெதுவாக நீந்துவதுதான் அதன் உறக்கம். ஏழெட்டுப் படகு வளைத்தால் துள்ளும். துள்ளினால் படகில் கைதட்டு விழும். திமிங்கிலத்திலிருந்து நூறு மீற்றர் விலகி நிற்க வேண்டும் என்பது சட்டம். நூறு மீற்றரில் நின்றால் கைத்தொலைபேசியில் படம் சிறிதாக வரும். ஆகவே கிட்டப் போகிறோம். ஸ்பேர்ம் திமிங்கிலம் முக்கால் மணித்தியாலம் ஆழத்தில் இருந்துவிட்டு, மேலே வந்து பத்து நிமிஷம் தொடர்ந்து மூச்சு வாங்கும். அடுத்த இறக்கத்துக்கு வேண்டிய காற்றை அந்தப் பத்து நிமிஷத்தில்தான் சேர்க்க வேண்டும். நாங்கள் குறுக்கே விழுவது அந்தப் பத்து நிமிஷத்தில்தான்.

வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தோம் என்று சொல்லலாம். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நாள்கணக்கில் நின்றவர்கள் நாங்கள். கப்பல் நாளில் கிடைக்கும் காசில் வீட்டில் அடுப்பு எரிந்தது, எனக்கும்தான். அதற்காக வெட்கப்படவில்லை. ஆனால் பசி தீர்ந்த நாள்களிலும் நாங்கள் அதையே செய்தோம்.

ஒரு சித்திரை மாதம். என் படகில் ஆறு பேர். ஓட்டியவர் அறுபது தாண்டிய அண்ணை ஒருவர், நிலாவெளிக்காரர். தூரத்தில் ஒரு ஊதல் தெரிந்ததும் மற்றப் படகுகள் எல்லாம் பறந்தன. அண்ணை எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"என்னண்ணை?"

"கலைச்சால் தாண்டிடும் தம்பி. இருப்பம்."

இருந்தோம். வெயில் ஏறியது. ஒருவருக்கு வாந்தி வந்தது. முப்பது நிமிஷம், நாற்பது நிமிஷம். மற்றப் படகுகள் ஏமாந்து கரைக்குத் திரும்பிவிட்டன. பிறகு எங்களுக்கு வலப்பக்கம், கூப்பிடு தூரத்தில், ஒரு பெருமூச்சு. இடப்பக்கம் சரிந்த ஊதல், ஸ்பேர்ம். நாங்கள் போகவில்லை, அதுதான் மேலே வந்தது. வற்றல் பேரீச்சம்பழம்போலச் சுருங்கிய தோல். ஒவ்வொரு மூச்சையும் அண்ணை விரலில் எண்ணினார். ஐம்பதுக்கு மேல் போனது. அதுவரைக்கும் நான் எந்தத் திமிங்கிலத்தின் மூச்சையும் முழுதாகக் கேட்டதில்லை, எஞ்சின் சத்தம்தான் கேட்டிருக்கிறேன். கடைசியில் முதுகை வளைத்து, வாலைத் தூக்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் அடிபடாமல் இறங்கிப்போனது. படகில் ஒருவரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

கரைக்கு வர ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டது. பஸ் காத்திருந்தது. பயணத்தை ஒழுங்கு செய்தவர் எல்லோருக்கும் முன்னால் சத்தம் போட்டு, அண்ணையின் கூலியில் பாதியை வெட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த கப்பல் நாளில் மறுபடி அண்ணையின் படகு. தூரத்தில் ஊதல் தெரிந்தது. மற்றப் படகுகள் திரும்பின. அண்ணை எஞ்சின் பிடியில் கையை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"போவம் அண்ணை" என்றேன்.

அவர் எஞ்சினை முறுக்கினார்.